பல்கலைக்கழகத்தில் ஊர் மக்களுக்கு ஒரு நலக்கூடம்: தொடங்கி நடத்த முழுமையான வழிகாட்டி

மருத்துவம், செவிலியம், உளவியல், உடற்கல்வி, சமூகப்பணி, சட்டம் என இத்தனை துறை ஆட்களும் ஒரே மதிலுக்குள் இருக்கும் இடம் பல்கலைக்கழகத்தைத் தவிர வேறு எங்கும் கிடையாது. ஆனால் அந்த மதிலை ஒட்டிக் குடியிருப்பவர்களில் பலர் ஒரு நாள்கூட உள்ளே வந்திருக்க மாட்டார்கள். வாசலில் காவலர், கையெழுத்துப் புத்தகம், "யாரைப் பார்க்கணும்?" என்ற கேள்வி. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் சில பல்கலைக்கழகங்கள் அக்கம்பக்கத்தாரின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் உதவும் பொதுக்கூடம் ஒன்றைத் திறக்கின்றன. தடபுடலாகத் திறப்பு விழா நடக்கும். இரண்டு வருடத்தில் பூட்டுத் தொங்கும்.

பூட்டுத் தொங்குவதற்குப் பணப் பற்றாக்குறையைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். நான் நாள்காட்டியைச் சொல்வேன். பல்கலைக்கழகம் செமஸ்டர் கணக்கில் ஓடுகிறது. மாணவர் தேர்வுக்குப் போய்விடுவார், ஆராய்ச்சியாளரின் நிதி மூன்று வருடத்தில் முடியும், துறைத் தலைவர் மாறுவார். தனியாக இருக்கும் ஒரு முதியவருக்கோ, குழந்தை பெற்று ஆறு வாரமான தாய்க்கோ செமஸ்டர் கிடையாது. கூடத்தின் ஒவ்வொரு முடிவையும் ஊரின் நாள்காட்டியை வைத்து எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். இந்த வழிகாட்டி முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறது.

இது புது யோசனை இல்லை. 1884இல் லண்டனின் ஏழைக் குடியிருப்பான கிழக்குப் பகுதியில் டாயின்பீ ஹால் தொடங்கப்பட்டபோது, ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள் அங்கேயே வந்து தங்கி மக்களோடு வேலை செய்தார்கள். 2015இல் கனடாவில் உருவான ஒகனாகன் சாசனம், வளாகத்தின் எல்லாச் செயல்பாட்டிலும் நலம் கலந்திருக்க வேண்டும், வளாகத்துக்கு வெளியேயும் நலத்தை வளர்ப்பதில் பல்கலைக்கழகங்கள் முன்னால் நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. எழுதி வைத்திருப்பதில் குறை ஒன்றும் இல்லை. செய்வதுதான் பாடு.

முதல் படி: அறை தேடுவதற்கு முன்னால் காது கொடுங்கள்

பெரும்பாலும் தலைகீழாகத்தான் நடக்கிறது. ஓர் அறை காலியாக இருக்கும், அதை என்ன செய்யலாம் என்று குழு போடுவார்கள். அப்படித் தொடங்கினால் அறைக்கேற்ற திட்டம் வரும், ஊருக்கேற்ற திட்டம் வராது.

இரண்டு மூன்று மாதம் ஒதுக்கி, மக்கள் ஏற்கெனவே கூடும் இடங்களுக்கு நீங்கள் போங்கள். படிவத்தை நீட்ட வேண்டாம். ஆராய்ச்சிக்கென்று வந்து கேள்வி கேட்டுப் போனவர்களைப் பார்த்துச் சலித்த பகுதியாகவும் அது இருக்கலாம். பேச்சோடு பேச்சாக மூன்று விஷயம் தெரிந்துகொண்டால் போதும்: கடைசியாக உடம்புக்கு முடியாமல் போனபோது முதலில் யாரிடம் போனார்கள், அக்கம்பக்கத்தில் யாருக்காவது ஒன்று என்றால் எல்லோரும் யாரைக் கூப்பிடுகிறார்கள், பல்கலைக்கழகத்துக்குள் வராமல் இருப்பதற்கு என்ன காரணம்.

இரண்டாவது கேள்விக்கு வரும் பதில்தான் தங்கம். எல்லாப் பகுதியிலும் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். பதவி எதுவும் இருக்காது, ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக, விண்ணப்பம் நிரப்பித் தர, சண்டையை விலக்க அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். அமெரிக்காவில் ஜான் கிரெட்ஸ்மனும் ஜான் மெக்நைட்டும் 1993இல் முன்வைத்த அணுகுமுறை இதைத்தான் சொல்கிறது: பகுதியின் குறைப்பட்டியலில் தொடங்காமல், அங்கே ஏற்கெனவே இருக்கும் ஆட்கள், திறமைகள், சங்கங்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

கேட்டதைத் திரும்பப் போய்ச் சொல்லவும் வேண்டும். "நீங்கள் சொன்னதில் இதையெல்லாம் புரிந்துகொண்டோம், சரிதானா?" என்று அதே ஆட்களிடம் ஒரு பக்கத் தாளோடு போய் நின்றாலே உங்கள் மேல் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

இரண்டாம் படி: முடிவெடுப்பது யார்?

1969இல் ஷெர்ரி ஆர்ன்ஸ்டைன் மக்கள் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடியில் மக்களைப் பொம்மையாக்கும் பாவனைகள். நடுவில் தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, சமாதானப்படுத்துவது. உண்மையான அதிகாரம் மேலே உள்ள மூன்று படிகளில்தான் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் "ஆலோசனைக் குழு"க்கள் பெரும்பாலும் நடுப்படியிலேயே நின்றுவிடுகின்றன: மக்கள் வருவார்கள், பேசுவார்கள், முடிவு வேறெங்கோ எடுக்கப்பட்டிருக்கும்.

அதனால் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் பகுதி மக்கள் இருக்கட்டும். கூட்டத்தை வேலை முடிந்த பிறகு வையுங்கள். பேராசிரியருக்கு வசதியான மதியம் மூன்று மணி மற்றவர்களுக்குக் கூலி போகும் நேரம். அப்படியும் வருபவர்களுக்குப் போக்குவரத்துச் செலவும் நேரத்துக்கான தொகையும் தாருங்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களில் சம்பளம் வாங்காமல் பேசுபவர்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான் என்ற நிலை நன்றாக இல்லை.

பிறகு எழுத்தில் ஓர் உடன்பாடு. துணைவேந்தரோ பதிவாளரோ, உண்மையில் அதிகாரம் உள்ளவர் கையெழுத்திட வேண்டும். எத்தனை ஆண்டுக்கு இடம் உறுதி, சாவி யாரிடம், காப்பீடு யார் பொறுப்பு, விடுமுறை மாதங்களில் யார் திறப்பது, கூடத்துக்குள் நடக்கும் ஆராய்ச்சியை மறுக்கக் குழுவுக்கு உரிமை உண்டா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வாய்வார்த்தையாக இருந்தால், அடுத்த துணைவேந்தர் வந்ததும் அறை சேமிப்புக் கிடங்காகிவிடும்.

மூன்றாம் படி: இடம்

வளாகத்தின் நடுவில் அழகான கட்டடம் கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். விளிம்பில், தெருவைப் பார்த்துக் கதவு திறக்கும் சின்ன இடம் அதைவிட மேல். காவலரைத் தாண்டாமல் வர முடிய வேண்டும். பேருந்து நிறுத்தத்திலிருந்து மூட்டுவலி உள்ளவர் நடந்து வரக்கூடிய தூரமா, மாலையில் அந்த வழியில் வெளிச்சம் இருக்கிறதா என்று நீங்களே நடந்து பாருங்கள்.

1935இல் லண்டனின் பெக்கம் பகுதியில் ஜார்ஜ் ஸ்காட் வில்லியம்சன், இன்னிஸ் பியர்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு நல மையத்துக்கென்றே கட்டடம் எழுப்பினார்கள். அந்தப் பகுதிக் குடும்பங்கள் சிறு சந்தா கட்டி உறுப்பினராகின. அவ்வப்போது உடல் பரிசோதனை, மற்ற நேரத்தில் நீச்சல், விளையாட்டு, அரட்டை. அந்தக் கட்டடத்தின் உள்சுவர்களில் நிறையக் கண்ணாடி வைத்திருந்தார்கள். நடுவில் நீச்சல்குளம். மற்றவர் செய்வதை எட்டிப் பார்க்க முடிந்தால் நமக்கும் செய்யத் தோன்றும் என்பது கணக்கு. அந்த மையம் 1950இல் மூடப்பட்டது. ஆனால் அந்தக் கணக்கு இன்றைக்கும் சரிதான். உள்ளே என்ன நடக்கிறது என்று தெருவிலிருந்து தெரியும்படி ஒரு பெரிய ஜன்னலாவது வையுங்கள்.

ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை, ஒரு கழிப்பறை இருந்தால் தொடங்கிவிடலாம். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு விகிதத்தில், அதாவது 30 செ.மீ. உயரத்துக்கு 3.6 மீட்டர் நீளத்தில் இருக்கட்டும். சக்கர நாற்காலி திரும்ப 150 செ.மீ. விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும், கழிப்பறைக்குள்ளும் வேண்டும். கதவின் திறப்பு 80 செ.மீட்டருக்குக் குறையக்கூடாது, 90 இருந்தால் நல்லது. நாற்காலிகளுக்குக் கைப்பிடி இருக்கட்டும், முழங்கால் வலி உள்ளவர் அதை ஊன்றித்தான் எழுந்திருப்பார்.

சின்ன அறை அந்தரங்கமாகப் பேசுவதற்கு. அதைச் சோதிக்க எளிய வழி: உள்ளே ஒருவரைச் சாதாரணக் குரலில் செய்தித்தாள் படிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் வெளியே காத்திருப்போர் நாற்காலியில் உட்காருங்கள். ஒரு வாக்கியம் புரிந்தால்கூட அந்த அறை உதவாது. கதவடியில் ரப்பர்ப் பட்டை ஒட்டுங்கள், அல்லது நாற்காலிகளை நகர்த்துங்கள்.

நான்காம் படி: உள்ளே என்ன நடக்கும்?

முதல் வருடம் இரண்டு மூன்று வேலை போதும். பத்து வகுப்புகள் போட்ட அட்டவணை சுவரில் அழகாக இருக்கும். அதில் ஏழு ரத்தாகும்போது மக்கள் மூன்றையும் நம்ப மாட்டார்கள்.

எதையும் செய்யாமல் வந்து உட்காரும் உரிமைதான் அடிப்படை. காரணம் கேட்காமல், பெயர் எழுதச் சொல்லாமல். இதை நேரவிரயம் என்று நினைக்கும் நிர்வாகிக்கு ஒரு தகவல் சொல்லலாம்: 2010இல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழுவினர் 148 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள், மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் பற்றிய தரவு. வலுவான சமூக உறவு உள்ளவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல் என்று கண்டார்கள். உட்கார்ந்து பேசுவதும் சுகாதாரப் பணிதான்.

அடுத்தது சேர்ந்து செய்யும் காரியங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும். 65 வயதைக் கடந்தவர்கள் வாரம் மூன்று நாளாவது சமநிலை, தசைவலு சேர்ந்த பயிற்சி செய்ய வேண்டும், கீழே விழாமல் இருக்க. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரருகே நின்று ஒரு காலில் சமநிலை பிடிப்பது என்று கருவியே இல்லாமல் தொடங்கலாம். உடற்கல்வி, பிசியோதெரபி மாணவர்களுக்கு ஏற்ற வேலை.

ஆண்கள் வருவது குறைவாக இருக்கும். "மனம்விட்டுப் பேசலாம் வாருங்கள்" என்று அறிவித்தால் ஒருவரும் வர மாட்டார்கள். ஆஸ்திரேலியாவில் 1990களில் தோன்றிய "மென்ஸ் ஷெட்" பட்டறைகள் இதைப் புரிந்துகொண்டன: மரவேலை, பழுதுபார்ப்பு என்று கைக்கு ஒரு வேலை கொடுத்தார்கள், பேச்சு தானாக வந்தது. பழுதான மின்விசிறியை மேசைமேல் வைத்து நான்கு பேரை அழைத்துப் பாருங்கள்.

ரத்த அழுத்தம் பார்க்கும் மேசை

எல்லாக் கூடத்திலும் முதலில் தொடங்குவது இதைத்தான். மோசமாகச் செய்யப்படுவதும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒருவர் வெயிலில் நடந்து வருகிறார், உட்கார்ந்ததும் கைப்பட்டையைச் சுற்றி, "எங்கே இருந்து வர்றீங்க?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினால் வரும் எண் எதற்கும் ஆகாது. அளக்கும் முன் அரை மணி நேரத்துக்குள் காபி, புகை, உடற்பயிற்சி இருக்கக்கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரட்டும். முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கட்டும். கை மேசைமேல், இதயத்தின் உயரத்தில். தொங்கவிட்டால் எண் ஏறும். கைப்பட்டை சட்டைத் துணிமேல் அல்லாமல் வெறும் கையில். பருத்த கைக்குச் சிறிய பட்டை போட்டாலும் எண் ஏறும், அதனால் மூன்று அளவு பட்டைகளாவது வாங்கி வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, முதல் முறை வருபவருக்கு இரண்டு கையிலும். இதற்கெல்லாம் ஒருவருக்குப் பத்து நிமிடம் ஆகும். வரிசை நீண்டால் டோக்கன் கொடுங்கள், அளவை அவசரப்படுத்தாதீர்கள்.

140/90 அல்லது அதற்கு மேல் வந்தால், "உங்களுக்கு பி.பி." என்று மாணவர் சொல்லக்கூடாது. ஒரு நாள் அளவை வைத்து நோய் முடிவாகாது. இன்னொரு நாள் வரச் சொல்லி, தொடர்ந்து அப்படியே இருந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 180/120ஐத் தாண்டினால் சில நிமிடம் கழித்து மீண்டும் அளந்து, அப்படியே இருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் பலவீனம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இருந்தால் ஆம்புலன்ஸை அழையுங்கள். எண்ணைச் சீட்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். அது அவருடைய எண்.

அனுப்ப ஓர் இடம் உறுதியாகும்வரை மேசையே போடாதீர்கள். எந்த மருத்துவமனை, எந்த நாள், யாரைப் பார்க்க வேண்டும், பணம் இல்லாவிட்டால் என்ன வழி என்பது முன்கூட்டியே பேசப்பட்டிருக்க வேண்டும். பயத்தை மட்டும் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது சேவை ஆகாது.

மனம் சரியில்லாமல் வருபவர்

உளவியல் மாணவர் ஆலோசகர் ஆகிவிட மாட்டார். 2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு தன்னார்வலருக்கு மூன்று வேலைகளைக் கொடுக்கிறது: கவனி, காது கொடுத்துக் கேள், உதவி கிடைக்கும் இடத்தோடு இணை. அறிவுரை அந்தப் பட்டியலில் இல்லை. சொன்னது வெளியே போகாது என்று முதலிலேயே சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் அந்த வாக்கு செல்லாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும், அழுது முடித்த பிறகு இல்லை.

ஒருவர் பேச்சு அந்தத் திசையில் போனால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல், பொறுப்பில் இருக்கும் தொழில்முறை ஆலோசகரை உடனே அழையுங்கள். அந்த ஆலோசகரின் எண் சின்ன அறையின் உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: ஆட்கள்

முழுநேரச் சம்பளத்தில் ஓர் ஒருங்கிணைப்பாளர், முடிந்தால் அதே பகுதிக்காரர். மற்ற எந்தச் செலவைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். மாணவர் மாறுவார்கள், பேராசிரியர் மாறுவார், வாசலில் அதே முகம் இருக்கும். பெயர் சொல்லி அழைக்கும் அந்த ஆளுக்காகத்தான் பலர் திரும்ப வருவார்கள்.

மாணவர் பணிக்குப் படிப்பில் மதிப்பெண் உண்டா என்பதைத் துறையோடு பேசி முடியுங்கள். இல்லாவிட்டால் தேர்வு நெருங்க நெருங்க ஆள் குறையும். ஒவ்வொரு செமஸ்டர் முடிவிலும், போகிறவரும் வருகிறவரும் இரண்டு வாரமாவது சேர்ந்து வேலை செய்யட்டும். போகும் மாணவர் தன்னிடம் வாராவாரம் பேசிய முதியவரிடம் சொல்லிக்கொண்டு போக வேண்டும். சொல்லாமல் காணாமல் போவது, ஏற்கெனவே தனிமையில் இருப்பவருக்கு இன்னொரு இழப்பு. விடுமுறை மாதங்களில் வாரம் இரண்டு நாளானாலும் சரி, அறிவித்த நாளில் கதவு திறந்திருக்க வேண்டும்.

குழந்தைகள் வரும் இடமென்றால், பணியாற்றுபவர்களின் பின்னணியைச் சரிபார்ப்பதும், எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியே மூடிய அறையில் இருக்கக்கூடாது என்ற விதியும் முதல் நாளிலிருந்தே வேண்டும். துணைவேந்தருக்கும் அதே விதிதான்.

ஆறாம் படி: ஆராய்ச்சி ஆசை

கூடம் ஓடத் தொடங்கியதும் துறைகளிலிருந்து ஆட்கள் வருவார்கள்: "ஒரு சின்னக் கேள்வித்தாள் மட்டும் கொடுத்துக்கலாமா?" இங்கேதான் கறார் வேண்டும். அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை சிபிலிஸ் என்ற பால்வினை நோயுள்ள கறுப்பின ஆண்களைச் சிகிச்சை தராமல் கவனித்துக்கொண்டே இருந்தது. பெனிசிலின் வழக்கமான மருந்தான பிறகும் கொடுக்கவில்லை. அவர்களுக்கு வைத்தியம் நடப்பதாகவே சொல்லப்பட்டிருந்தது. வெள்ளைக் கோட்டு போட்டவரைப் பார்த்ததும் ஒதுங்கும் மக்களின் சந்தேகத்துக்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது.

ஆராய்ச்சிக்கு மறுத்தவருக்கும் அதே நாற்காலி, அதே உடற்பயிற்சி, அதே ரத்த அழுத்த அளவு. பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு நிர்வாகக் குழுவின் அனுமதியும் வேண்டும். முடிவுகளை முதலில் கூடத்தில் சொல்ல வேண்டும், மாநாட்டில் அப்புறம். பதிவேட்டில் தேவையானதுக்கு மேல் ஒரு விவரமும் எழுதாதீர்கள். இல்லாத தகவல் திருடு போகாது.

எதிர்த்திசையும் உண்டு. 1970களில் நெதர்லாந்துப் பல்கலைக்கழகங்களில் "அறிவியல் கடை"கள் தோன்றின. மக்கள் தங்கள் கேள்வியோடு வருவார்கள், மாணவர்களும் ஆசிரியர்களும் அதை ஆராய்ந்து பதில் தருவார்கள். கூடத்தில் ஒரு கேள்விப் பெட்டி வையுங்கள். எங்கள் தெருவில் இத்தனை குழந்தைகளுக்கு ஏன் மூச்சிழுப்பு என்று ஒரு தாய் எழுதிப் போட்டால், அதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பு துறைக்கு எங்கே கிடைக்கும்?

ஏழாம் படி: பலன் இருக்கிறதா?

நிதி கொடுப்பவர் எண் கேட்பார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்வி நலக் குறியீடு கைக்கு அடக்கமானது: கடந்த இரண்டு வாரம் பற்றிய ஐந்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை, கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு ஒரு எண். முதல் வருகையிலேயே நீட்டாதீர்கள், நான்காவது ஐந்தாவது முறை வரும்போது கேட்கலாம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வராதவர் கணக்கு. 1971இல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் தலைகீழ்க் கவனிப்பு விதி என்று ஒன்றைச் சொன்னார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது. உங்கள் உடற்பயிற்சி வகுப்பு நிரம்பி வழியலாம். வருபவர்கள் எல்லாம் ஓய்வுபெற்ற பேராசிரியர்களாகவும் இருக்கலாம். எந்தத் தெருவிலிருந்து யாரும் வரவில்லை என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரைபடத்தை விரித்து ஒருங்கிணைப்பாளரோடு பாருங்கள். மருத்துவரிடம் அனுப்பியவர்களில் எத்தனை பேர் உண்மையில் போய்ச் சேர்ந்தார்கள் என்றும் எண்ணுங்கள்.

எட்டாம் படி: நிதி முடியும் நாள்

திட்ட நிதியில் மேசை, கருவி, பயிற்சி வாங்கலாம். ஒருங்கிணைப்பாளர் சம்பளமும் இடத்தின் பராமரிப்பும் பல்கலைக்கழகத்தின் வழக்கமான வரவு செலவில் இருக்க வேண்டும். இதை முதல் வருடமே கேளுங்கள். மூன்றாம் வருடக் கடைசியில் கேட்டால் "பார்க்கலாம்" என்பார்கள்.

ஏதாவது ஒரு சேவையை நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லுங்கள், வந்துகொண்டிருந்தவர்களை வேறு இடத்தில் ஒருவர் கையில் ஒப்படையுங்கள், பதிவேடுகளை எப்போது அழிப்பீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். வாங்கிய கருவிகள் யாருக்குச் சேரும் என்பதும் முதல் உடன்பாட்டிலேயே இருக்கட்டும். ரத்த அழுத்தக் கருவி துறை அலமாரிக்குத் திரும்பாமல், அதை முறையாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட ஊர்க்காரர்களிடமே போகட்டும்.